ஆடு என்று மட்டும் எழுதினால் போதுமா?

நெசவாளர் சங்கம் ஒன்றில் நூல் கொள்முதலுக்குத் தீர்மானம் எழுதும்போது, 'நூல் 10 சிப்பம்' என்று எழுதி நிறுத்திவிடும் நிர்வாகக் குழுவை நான் இதுவரை கண்டதில்லை. 40-ஆம் நம்பரா, 60-ஆம் நம்பரா, பாவுக்கா, ஊடைக்கா, எந்த ஆலையின் சரக்கு என்பன யாவும் தீர்மானத்தில் இடம் பெறும். பயிர் செய்வோரும் அப்படித்தான். விதை வாங்கும்போது எந்த ரகம், எத்தனை நாள் வயது, தங்கள் நிலத்துக்கு ஏற்குமா என்று விசாரியாமல் ஒரு படி விதையும் வாங்கமாட்டார்கள். ஆனால் இதே அங்கத்தினர்களுக்கு ஆடு வாங்கக் கடன் வழங்கும்போது மாத்திரம், நமது சங்கங்களின் ஏடுகளில் 'செம்மறி ஆடு, உருப்படி 5' என்ற ஒற்றை வரிதான் காணப்படுகிறது. நூலுக்கும் நெல்லுக்கும் உள்ள ரகம் ஆட்டுக்கு இல்லையா? இதுவே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

கணக்குப் பார்க்கும் ஆய்வாளனுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நான் நஞ்சை நிலப் பகுதியில் பிறந்தவன். பட்டப்படிப்பு முடித்து இவ்வுத்தியோகத்துக்கு வந்த பொழுது, செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் உள்ள வேற்றுமைக்கு மேல் எதுவும் அறியாதவனாகவே வந்தேன். எனக்கு அந்த அறிவைப் புகட்டியது ஒரு நஷ்டம். அந்த நஷ்டம் என்னுடையதாக இருந்திருந்தால் அதை நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அது பத்து ஏழைக் குடும்பங்களுடையது என்பதனால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பணியாற்றினேன். அங்கே ஒரு சங்கத்தில் தறி வேலை குறைந்த காலத்தில் துணை வருமானம் தேடிக்கொள்ளும் பொருட்டுப் பத்து அங்கத்தினர்களுக்குக் குடும்பம் ஒன்றுக்கு 5 பெட்டை ஆடுகள் வீதம் கடன் வழங்கத் தீர்மானித்தார்கள். உள்ளூர் ஆடு குட்டையானது, தெற்கே கரிசல் சீமையில் நெட்டையான ஆடுகள் கிடைக்கின்றன என்று ஒருவர் சொல்ல, குழுவினர் அதை ஏற்றுக்கொண்டனர். ஐப்பசி மாதத்தில், ஒரே நாளில், ஒரே சந்தையில் 50 பெட்டைகளும் 2 கிடாக்களும் வாங்கப்பட்டு, ஒரே லாரியில் மழையோடு மழையாக வந்து சேர்ந்தன. மறுநாள் நான் சென்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. 'உருப்படிகள் நேரில் பார்வையிடப்பட்டன. நலம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தை பிறந்தபோது அந்த 50 பெட்டைகளில் 31 தான் எஞ்சியிருந்தன. எஞ்சியவையும் மெலிந்து போயின. ஈன்ற குட்டிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. காதில் வில்லை இருந்தவற்றுக்கு மட்டும் காப்பீட்டுத் தொகை வந்தது. கடன் தவணை மாத்திரம் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

பாக்கி வசூலுக்காக நான் சென்ற ஒரு வீட்டில், கணவர் குழித்தறியில் அமர்ந்திருந்தார். அவர் மனைவி தம் காதுத் தோட்டை விற்றுக் கொணர்ந்த பணத்தை என்னிடம் எண்ணிக் கொடுத்தார். பிறகு சிறிதும் கோபமின்றி, "ஏனுங்க ஐயா, தறி வாங்கக் கடன் கொடுத்தால் என்ன தறி, எத்தனை அகலம் என்றெல்லாம் கேட்டு எழுதுகிறீர்கள். ஆடு வாங்க மட்டும் ஆடு என்று எழுதினால் போதுமுங்களா?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்ல அன்று என்னால் முடியவில்லை. தலைகுனிந்து ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் ஆடு மேய்ப்போரையும் கால்நடை மருத்துவர்களையும் தேடிச் சென்று கேட்டு, நம் நாட்டுச் செம்மறிகளைப் பற்றி ஓரளவு அறிந்துகொண்டேன். அறிந்ததை அங்கத்தினர்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள் இருந்தன. இவற்றுள் கலப்பாகப் பெயர் சொல்ல முடியாதவை பல. எனினும் தமிழ்நாட்டுக்கு உரியனவாகத் தேசிய அளவில் பதிவு பெற்ற செம்மறி இனங்கள் பத்து இருக்கின்றன. இந்தப் பத்தும் யாரோ சிலர் வீம்புக்குப் பெயரிட்டவை அல்ல. அந்தந்த வட்டாரத்து வெயிலும் மழையும் புல்லும் நோயும், அவற்றோடு இடையர்களின் கண்ணும், பல தலைமுறைகளாகச் சலித்தெடுத்த சரக்கு அவை.

முதலில் மேச்சேரி. மேட்டூருக்கு அருகிலுள்ள ஊரின் பெயரைத் தாங்கிய இவ்வினம் சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களிலும் தருமபுரியின் பகுதிகளிலும் உள்ளது. இளம்பழுப்பு நிறம், உடலை மூடிய குறுமயிர், குட்டையான மெல்லிய வால், கிடாவுக்கும் பெட்டைக்கும் கொம்பு கிடையாது. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோவும் பெட்டை சுமார் 22 கிலோவும் இருக்கும். இதன் இறைச்சிக்குள்ள மதிப்பைப் போலவே தோலுக்கும் மதிப்பு அதிகம். தோல் பதனிடுவோர் இதனைத் தனியாகப் பிரித்துப் போற்றுவர். இவ்வினத்தைப் பேணுவதற்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. நான் முன்பு கூறிய சங்கத்திலிருந்து அந்நிலையத்துக்குப் பேருந்தில் சென்று மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஆயினும் எங்கள் லாரி தெற்கே போயிற்று.

வடக்கே சென்னை, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கங்களில் உள்ளது சென்னைச் சிவப்பு. பெயருக்கேற்பச் செந்நிறமோ அடர்பழுப்போ கொண்டது. சிலவற்றுக்கு நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெள்ளை இருக்கும். கிடாவுக்கு முறுக்கிய வலுவான கொம்பு உண்டு, பெட்டை மொட்டை.

தெற்கே தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் பூமியில் இருப்பது வேம்பூர் ஆடு. வெள்ளை உடலெங்கும் சிவப்புத் திட்டுகளை வாரி இறைத்தாற்போல் இருக்கும். கால் நீண்டு உயர்ந்தது, தொங்கு காது, பெட்டையே சுமார் 28 கிலோ நிற்கும். எங்கள் சங்கத்தார் கண்ணைக் கவர்ந்தது இதன் உயரமே. அதே சீமையில் கீழக்கரிசல் என்ற மற்றோர் இனமும் உண்டு. அடர்பழுப்பு உடலில் தலையிலும் வயிற்றிலும் காலிலும் கரும்புள்ளிகள் தோன்றும்; பெரும்பாலானவற்றுக்குக் கழுத்தில் இரு சதை மணிகள் தொங்கும். இராமநாதபுரம் பகுதியில் வெள்ளை நிறத்து இராமநாதபுரம் வெள்ளை. திருநெல்வேலிப் பக்கத்தில் செவ்வாடு. மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பகுதியில், கிடா முட்டுக்குப் பேர்போன கச்சைகட்டிக் கருப்பு.

இவ்வேழும் மயிர் ஆடுகள். கம்பளி தருபவை மூன்றே. திருச்சி, பெரம்பலூர் முதல் தருமபுரி வரையில் காணப்படும் திருச்சிக் கருப்பு அவற்றுள் ஒன்று. உடல் முழுதும் கருப்பு, சிறிய ஆடு, பெட்டை 20 கிலோவுக்குள்தான் இருக்கும். கொங்கு நாட்டில் குறும்பை என வழங்கும் கோயம்புத்தூர் ஆடு மற்றொன்று. வெள்ளை உடலும், தலையிலும் கழுத்திலும் கருமையோ பழுப்போ கொண்டது. இவ்விரண்டின் ரோமமும் முரடு. முரட்டுக் கம்பளிக்கும் விரிப்புக்கும் உதவுமேயன்றி மெல்லிய ஆடைக்கு உதவாது.

மூன்றாவது நீலகிரி ஆடு. 19-ஆம் நூற்றாண்டில் மலைக்கு வந்த ஐரோப்பியர் கொணர்ந்த டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆடுகள் உள்ளூர் ஆடுகளோடு கலந்து உண்டானது இது. தென்னாட்டில் மெல்லிய கம்பளி தரும் நம் ஆடு இது ஒன்றே. உதகமண்டலத்துக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இதனைப் பேணி வருகிறது. எனினும் இவ்வினத்தின் எண்ணிக்கை கவலை கொள்ளத்தக்க அளவுக்கு அருகிவிட்டது.

இவ்விடத்தில் நெசவாள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆடும் வளர்ப்போம், அதன் ரோமத்தை நூற்று நெய்யவும் செய்வோம்" என்று ஆவலோடு என்னிடம் கூறியவர்கள் பலர். மேச்சேரியையோ சென்னைச் சிவப்பையோ கட்டி வைத்துக்கொண்டு கம்பளிக்குக் காத்திருப்பது, எருமையிடம் பட்டு நூல் கேட்பதை ஒக்கும். சமவெளி வெயிலில் உடல் வெப்பம் எளிதில் வெளியேற வேண்டுமென்றே அவற்றுக்குக் குறுமயிர் அமைந்திருக்கிறது. நீலகிரி ஆட்டைக் கீழே இறக்கினாலோ அது வெயில் தாங்காது. கம்பளி வேண்டுவோர் அதற்குரிய இனத்தை அதற்குரிய இடத்தில்தான் வளர்க்க வேண்டும்.

இனி, எங்கள் சங்கத்தில் நேர்ந்த பிழை எது என்று பார்ப்போம். வேம்பூர் ஆடு மட்டமானதா? இல்லவே இல்லை. கரிசல் காட்டில், அறுவடை முடிந்த வயல்வெளியில், நாளெல்லாம் காலாற நடந்து மேயும் ஆடு அது. அதனை வேலியோரப் புல்லிலும் கல்லாங்குத்து மேய்ச்சலிலும் விட்டது எங்கள் குற்றம். கணக்கு எளியது. செம்மறி ஒன்றுக்கு நாள்தோறும் அதன் உடல் எடையில் நூற்றுக்கு 3 பங்காவது உலர் தீவனம் வேண்டும். 28 கிலோ ஆட்டுக்கும் 22 கிலோ ஆட்டுக்கும் வித்தியாசம் 6 கிலோ. ஐந்து ஆடுகளுக்கு 30 கிலோ. ஆகவே, நாளொன்றுக்கு 900 கிராம் உலர் தீவனம், பசும்புல்லாயின் சுமார் 4 கிலோ அதிகமாகத் தேவை. தறியில் தார் சுற்றும் கையே புல்லும் அறுக்கும் ஒரு வீட்டில், அந்த நாலு கிலோவை யார் அறுப்பது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது பிழை காலம். மழை தொடங்கியதும் தளதளவென்று முளைக்கும் புல்லை ஆவலோடு மேயும் ஆட்டுக்குத் துள்ளுமாரி வரும். சிறு கொசுவைப் போன்ற பூச்சிகள் பெருகி நீலநாக்கு நோயைப் பரப்புவதும் அம்மழைக் காலத்திலேயே. தடுப்பூசி போடாமல், களைத்த ஆடுகளைப் புதிய ஊருக்கு அப்பருவத்தில் கொணர்வது, ஈரப் பாவைத் தறியில் ஏற்றுவது போன்ற காரியம்.

இவ்விரண்டையும்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அது எங்கள் சங்கத்தோடு நில்லாது, ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஆண்டுதோறும் நடப்பது. ஒரு பட்டியில் பிறக்கும் கிடாக் குட்டிகளுள் எது முதலில் விலையாகிறது? மற்றவற்றைவிட விரைவில் வளர்ந்து, முதுகு அகன்று, கண்ணுக்கு அழகாய் நிற்பது எதுவோ அதுவே. பண்டிகையோ கோயில் கொடையோ வந்தால் வியாபாரி அதைத்தான் தேடி வருகிறார். முடையில் இருப்பவர் அதைத்தான் அவிழ்த்துக் கொடுக்கிறார். விலை போகாமல் நின்ற சவலைக் குட்டியே பின்னர் கிடாவாகிப் பட்டிக்குத் தகப்பனாகிறது. விதை நெல்லில் பருமனான மணிகளை விற்றுவிட்டுப் பதரை விதைப்பவரைப் பைத்தியக்காரர் என்போம். ஆட்டு விஷயத்தில் நாம் அனைவரும் செய்வது அதுவேயன்றோ? அக்கிடாவையும் மாற்றாமல் வைத்திருந்து, அதன் பெண் குட்டிகளோடே சேரவிட்டு, குட்டிகள் குறுகிப்போனபின், "உள்ளூர் ஆடு மட்டம்" என்று இனத்தின் மேல் பழிபோட்டு, வெளியூருக்கு லாரி அனுப்புகிறோம்.

தனி ஒருவரால் இதைத் தடுக்க இயலாது. பணமுடை உள்ளவரிடம் போய், "நல்ல குட்டியை விற்காதே" என்று உபதேசம் செய்வது பயனற்றது, இரக்கமற்றதுங்கூட. ஐந்து பெட்டைகள் வைத்திருப்பவர் ஒரு கிடாவுக்குத் தீனி போட்டு வளர்ப்பதும் கட்டாது. ஆனால் ஒரு கிடா 25 அல்லது 30 பெட்டைகளுக்குப் போதுமானது. பத்துப் பேரின் 50 பெட்டைகளுக்கு 2 கிடாக்கள் போதும். தனியொருவருக்குப் பாரமாவது பத்துப் பேருக்குப் பாரமன்று. கூட்டுறவு என்ற சொல்லுக்குப் பொருளே இதுதான்.

ஆகவே சங்கங்களுக்கு என் யோசனைகள் நான்கு.

முதலாவது, கடன் மனுவிலும் தீர்மானத்திலும் ஆட்டின் இனத்தை எழுதுங்கள். அவ்வட்டாரத்துக்கு உரிய இனமே முதல் தேர்வாக இருக்கட்டும். வேற்று இனம் வாங்குவதாயின், அதற்குக் காரணத்தையும் தீவன ஏற்பாட்டையும் தீர்மானத்தில் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கொள்முதலுக்குச் செல்லும் குழுவில், ஆடு மேய்த்துப் பழகிய அங்கத்தினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு பல் போட்ட ஆடு எது, கடை சேர்ந்த கிழட்டு ஆடு எது என்பதை அவர் வாயைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு ரசீதின் பல்லைத்தான் பிடித்துப் பார்க்கத் தெரியும். மழைக்காலத்தில் வாங்காதீர்கள். சந்தையைவிட வளர்ப்போர் பட்டியில் வாங்குவது மேல். தடுப்பூசி போட்டு, சில நாள் தனியே நிறுத்திப் பார்த்த பின்னரே பங்கிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது, அங்கத்தினர் பட்டியில் பிறக்கும் தலைசிறந்த கிடாக் குட்டியைச் சங்கமே சந்தை விலைக்கு வாங்கட்டும். வியாபாரி கொடுக்கும் விலையைச் சங்கம் கொடுத்தால், அங்கத்தினருக்கு நஷ்டமில்லை. ஊருக்குத் தகப்பன் கிடா நிலைத்துவிடும்.

நான்காவது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்கிடாவை அடுத்த ஊர்ச் சங்கத்துக் கிடாவுடன் மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குச் செலவே இல்லை. ஏட்டில் ஒரு பக்கமும் இரண்டு சங்கங்களுக்கிடையே சிறிது நட்பும் இருந்தால் போதும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. வெளியூர் நெட்டைக் கிடாவை உள்ளூர்ப் பெட்டையோடு சேர்த்தால் குட்டி உயரமாகப் பிறந்து நல்ல விலைக்குப் போகிறதே என்பர். போகலாம், மறுக்கவில்லை. இறைச்சிக்கு விற்கும் குட்டிக்காக ஒருவர் அவ்வாறு செய்தால் அது அவர் கணக்கு. ஆனால் அக்கலப்புக் குட்டிகளையே தாயாக நிறுத்திக்கொண்டு போனால், சில தலைமுறைகளில் உள்ளூர் இனத்தின் தாங்கும் சக்தியும் நிலைக்காது, வெளியூர் இனத்தின் உயரமும் நிலைக்காது. அசல் கரைந்துபோன பின் வட்டியை எங்கே தேடுவது?

பயிர்செய்யும் அங்கத்தினர்களும் இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என எண்ணலாகாது. 'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்பது நம் முன்னோர் அனுபவம். கோடையில் தஞ்சைத் தரணிக்குக் கிடை போட வரும் இராமநாதபுரத்துக் கீதாரிகளை அறியாத உழவர் யார்? நூறு மைல் நடந்து, வரப்பில் உறங்கி, கிடைத்ததை மேய்ந்து, வயலுக்கு உரமிட்டுத் திரும்பும் வலிமை எல்லா ஆட்டுக்கும் வந்துவிடாது. அது அவ்வினங்களின் இரத்தத்தில் ஊறியது. அந்த ஆடுகள் மறைந்தால், வயல் இழப்பது விலையில்லா உரத்தை.

இரண்டு மாதங்களுக்கு முன், வேறு காரியமாக அந்தப் பழைய சங்கத்துக்குப் போயிருந்தேன். எனக்கு ரசீதோடு பாடமும் கொடுத்தனுப்பிய அம்மையாரின் வீட்டு வாயிலில் கொம்பில்லாத நான்கு பழுப்பு ஆடுகள் கட்டியிருந்தன. கடன் வாங்கிய ஆடுகள் அல்ல. தம் அண்ணன் வீட்டிலிருந்து வாரத்துக்குப் பிடித்து வந்து பெருக்கியவை என்றார். பாக்கியும் அடைந்துவிட்டதாம். "இது மேச்சேரி ஆடுதானே அம்மா?" என்று கேட்டேன். "இப்போது பெயர் சொல்லக் கற்றுக்கொண்டீர்களே ஐயா!" என்று சிரித்தார்.

அவருடைய தோடு திரும்பி வந்துவிட்டதா என்று கேட்க எனக்கு நா எழவில்லை. காதைப் பார்த்தேன், வரவில்லை. அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தில் ஆட்டுக் கடன் பற்றிய தீர்மானம் வாசிக்கப்படும்போது, அங்கத்தினர் எவரேனும் ஒருவர் எழுந்து, "என்ன ஆடு?" என்று கேட்பாராக. அந்த ஒரு கேள்வியை நாங்கள் அன்று கேட்டிருந்தால், அந்தத் தோடு அவர் காதிலேயே இருந்திருக்கும்.